சுளுக்கா, ஜவ்வு கிழிந்ததா? ஓபி சீட்டில் தெளிவாக இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'எந்தப் பட்டப்படிப்பும் போதும், மெடிக்கல் கோடிங் கற்றுத் தருகிறோம்' என்ற வரி விளம்பரங்களைப் பெங்களூருவில் எங்கு பார்த்தாலும் காண முடிகிறது. டாக்டர் எழுதும் நோயறிதலைக் காப்பீட்டு கிளைமுக்கான குறியீட்டு எண்ணாக மாற்றுவதுதான் மெடிக்கல் கோடிங். நோயின் பெயரைப் பார்த்ததும் எண்ணை ஒப்பிக்கும் வேலை என்று நினைத்துச் சேரும் பிள்ளைகள் நிறைய. (ஒப்பிக்கவே வேண்டாம், கோடர்களுக்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வைக் குறியீட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். 4 மணி நேரம், 100 கேள்வி.) வேலை உண்மையில் எங்கே இடறுகிறது என்பதை மணிக்கட்டு ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம்.

மழை விட்ட மறுநாள் ஓசூர் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டு வீங்கினால் வீட்டில் அதற்குப் பெயர் சுளுக்கு. எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் தேடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஓபி சீட்டில் 'ஸ்பிரெயின் ரிஸ்ட்' என்று இரண்டே சொல்தான் விழுகிறது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, கிரேப் பேண்டேஜ், ஐந்து நாள் மாத்திரை. ஆனால் எட்டுச் சிற்றெலும்புகளை ஒன்றோடொன்றும் முன்கை எலும்புகளோடும் பிணைத்திருக்கும் ஜவ்வுகள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. அந்த எட்டில் இரண்டான ஸ்கேஃபாய்டுக்கும் லூனேட்டுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அங்குள்ள ஜவ்வு கிழிந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்த இடைவெளியும் பலருக்கு முஷ்டியை இறுக மூடச் சொல்லி எடுத்த படத்தில்தான் விரிந்து காட்டும். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் எம்ஆர்ஐ, இல்லையேல் மூட்டுக்குள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ராஸ்கோப்பி.

குறியீட்டுப் புத்தகத்தில் சுளுக்குக்கு ஓர் இடம், கிழிசலுக்கு வேறு இடம். நோய்களுக்கும் காயங்களுக்கும் எண் தரும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலான ஐசிடி-10-ல் அடிபட்டு மணிக்கட்டு ஜவ்வு அறுந்தால் எஸ்63.3, சுளுக்கு என்றால் எஸ்63.5. வலதா இடதா என்றுகூட அந்த எண் சொல்லாது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் புழங்கும் ஐசிடி-10-சிஎம் அதையே ஏழு இடத்துக்கு நீட்டியிருக்கிறது. எஸ்63.321ஏ என்பதைப் பிரித்துப் பாருங்கள். எஸ்63.3 வரை மணிக்கட்டு ஜவ்வு அறுந்த செய்தி. அடுத்து வரும் 2, முன்கையின் ரேடியஸ் எலும்பை மணிக்கட்டோடு பிணைக்கும் ரேடியோகார்பல் ஜவ்வைக் குறிக்கும். பக்கவாட்டு ஜவ்வானால் அங்கே 1, அல்னா எலும்புப் பக்கத்து அல்நோகார்பல் ஆனால் 3. அதை அடுத்த 1 வலது கை. இடது கைக்கு 2, எந்தக் கை என்று எழுதப்படாவிட்டால் 9. இந்த 9 ஒன்று போதும், கிளைம் திரும்பி வர. கட்டுப் போட்டவருக்கு எந்தக் கை என்று தெரியாதா என்ன?

ஐந்தாம் இடத்தில் 0, 9 இரண்டையும் ஒன்றாக நினைப்பது புதியவர்களின் வாடிக்கை. எந்த ஜவ்வு என்று டாக்டர் எழுதவே இல்லையென்றால் 0, அதாவது எஸ்63.30. எழுதியிருக்கிறார், ஆனால் புத்தகத்தில் அந்த ஜவ்வுக்கென்று இடம் இல்லையென்றால் 9, அதாவது எஸ்63.39. ஸ்கேஃபாய்டு-லூனேட் ஜவ்வு அப்படிப் பெயர் இல்லாத ஒன்று. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் குருத்தெலும்பு-ஜவ்வுத் தொகுதியான டிஎஃப்சிசி-க்கும் பெயர் சொல்லித் தனிக் குறியீடு கிடையாது. அடிபட்டுக் கிழிந்ததென்றால் எஸ்63.59-ல் வைப்பதே வழக்கம். வயதில் தேய்ந்து கிழிந்ததென்றால் காயங்களுக்கான எஸ் வரிசைக்கே போகக்கூடாது.

ஏழாம் இடத்தில்தான் பாதித் தணிக்கை ஓடுகிறது. ஏ என்றால் முதல் வருகை, டி என்றால் அடுத்த வருகை என்று பயிற்சி நிலையத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். விதி அப்படியில்லை. தீவிரச் சிகிச்சை நடக்கும் வரை ஏ; குணமாகிவரும் காலத்தின் வழக்கமான கவனிப்புக்கு டி. முதல் நாள் கேஷுவாலிட்டியில் ஸ்பிளிண்ட் போட்டது ஏ. பத்தாம் நாள் வேறொரு எலும்பு டாக்டர் பார்த்து எம்ஆர்ஐ எழுதி, ஆபரேஷன் வேண்டும் என்று முடிவு செய்ததும் ஏ. நான்காம் வாரம் ஜவ்வைத் தைத்ததும் ஏதான். தையல் பிரித்த பிறகு பிசியோதெரபிக்கு வரும்போது டி. ஓராண்டு கழித்து அந்தக் காயத்தால் மணிக்கட்டு தளர்ந்து ஆடுகிறது என்று வந்தால், பின்விளைவைக் குறிக்கும் எஸ். அப்போது இரண்டு குறியீடு வேண்டும்: முன்னால் இப்போதைய கோளாறு, வலது மணிக்கட்டுத் தளர்ச்சிக்கு எம்25.331, பின்னால் பழைய காயத்தின் எண், கடைசியில் எஸ் சேர்த்து. முன்பின் மாறினால் தவறு. இந்த எம்25 எண்ணோடு ஏ, டி ஒட்டுவதும் தவறு. அப்படி ஓர் எண்ணே கிடையாது. எஸ்63.8எக்ஸ்1ஏ-யில் நடுவே இடத்தை நிரப்ப நிற்கும் எக்ஸை வெற்றிடம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

அதிகம் தகராறு வருவது 'கிரேடு 3 ஸ்பிரெயின்' என்ற எழுத்தில். கிரேடு 3 என்றால் ஜவ்வு முழுதாக அறுந்தது என்று கோடருக்குத் தெரியும். தெரிந்தாலும் தானாக எஸ்63.3-க்குத் தாவக்கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும். 'ரப்ச்சர் (அறுந்தது) என்று மாற்றித் தருகிறீர்களா?' என்று கேட்டால் பதிலைக் கோடரே ஊட்டியது போல ஆகிவிடும், தணிக்கையில் நிற்காது. டாக்டருக்கு அனுப்பும் ஒழுங்கான கொயரி (விளக்கக் கேள்வி) இப்படி இருக்கும்: 'குறிப்பில் வலது மணிக்கட்டு ஸ்பிரெயின், கிரேடு 3 என்று உள்ளது. எம்ஆர்ஐ அறிக்கையில் ரேடியோகார்பல் ஜவ்வு முழுக் கிழிசல் என்று உள்ளது. தங்கள் நோயறிதல் என்ன: சுளுக்கு, அறுந்த ஜவ்வு, வேறு, தீர்மானிக்க இயலவில்லை?' பதில் வந்த பிறகே எண். இரண்டும் இருக்கட்டும் என்று ரேடியோகார்பல் சுளுக்கு எஸ்63.52-ஐயும் அதே ஜவ்வு அறுந்ததற்கான எஸ்63.32-ஐயும் ஒரே கைக்குச் சேர்த்துப் போடவும் முடியாது. ஒன்று இருந்தால் மற்றது விலக்கு என்று புத்தகத்திலேயே குறிப்பு இருக்கிறது.

'கிழிந்திருக்கலாம்' என்று மட்டும் புற நோயாளிச் சீட்டில் இருந்தால் கிழிசலுக்கு எண் போடக்கூடாது. வலது மணிக்கட்டு வலி, எம்25.531, அவ்வளவுதான். பிற்பாடு கிழிசல் உறுதியானாலும் அன்றைய வருகையின் எண்ணைப் பின்னோக்கித் திருத்தக்கூடாது. உறுதியான நாளிலிருந்து புது எண்.

அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று தங்கள் வாசகர்கள் கேட்கலாம். நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த கிளைம் படிவத்தில், மருத்துவமனை நிரப்பும் பி பகுதியிலும் ஐசிடி-10 குறியீட்டுக்குக் கட்டம் இருக்கிறது. காயமென்றால் காரணம் என்ன, சாலை விபத்தா, போலீஸுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்ற கேள்விகளும் இருக்கின்றன. ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்தவருக்கு அந்தக் காரணத்துக்கான குறியீடு வி28 வர வேண்டிய இடத்தில், தரையில் வழுக்கி விழுந்ததற்கான டபிள்யூ01 ஏறி, கேஷுவாலிட்டி குறிப்பில் ஸ்கூட்டர் என்றே இருந்தால், இரண்டும் ஒத்துப்போகாமல் கோப்பு நின்றுவிடும்.

ஜவ்வைத் தைக்கும் ஆபரேஷனுக்கு முன் அனுமதி கேட்டுப் போகும் படிவத்தில் எம்25.5, அதாவது வெறும் மூட்டுவலி, என்று இருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளைமைப் பரிசீலிக்கும் டிபிஏ சும்மா விடுமா? வலிக்கு எதற்கு ஆபரேஷன் என்று கேள்வி வரும். டிஸ்சார்ஜ் ஆகவேண்டிய நாளில் பெட்டி கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எஸ்63.3 என்று சரியாக இருந்தாலும் கை எதுவென்று அந்த எண்ணில் வராததால் எழுத்தில் 'வலது' அல்லது 'இடது' என்று இருப்பதையும், எம்ஆர்ஐ அறிக்கையில் அதே கை இருப்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிபிஏ டெஸ்க்கில் இருப்பவர் எழுத்துப் பிழையைத் திருத்தித் தருவார். டாக்டர் எழுதாததைச் சேர்க்க அவருக்கு உரிமை இல்லை. ஆகவே ஓபி அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எந்தக் கை, எந்த ஜவ்வு, சுளுக்கா கிழிசலா, என்றைக்கு எப்படி அடிபட்டது ஆகிய நான்கும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் குறியீட்டுத் தணிக்கையாளர்கள் சிலர்,
பொம்மனஹள்ளி, பெங்களூரு