நகர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். தெருவிளக்கு, சாக்கடை, பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசிவிடுகிறேன், குடிநீருக்கு நாம் அமைத்த மணல் வடிகட்டிதான் இந்த வருடம் சங்கம் உருப்படியாகச் செய்த பெரிய வேலை.

நம் போர்வெல் தண்ணீர் குழாயில் தெளிவாக வந்தாலும் குடத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் மஞ்சளாகி அடியில் செந்தூள் படியும், வேட்டியெல்லாம் கறை. கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிவிடுகிறது. அதனால் முதலில் தண்ணீரைத் தட்டுத் தட்டாக விழவிட்டு, ஜல்லித் தொட்டியில் துருவைத் தங்கவிட்டு, அப்புறம்தான் மணலுக்கு அனுப்புகிறோம். இல்லையென்றால் மணல் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

மணல் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம். தண்ணீர் அதில் மணிக்கு 10 முதல் 20 செ.மீ. வேகத்தில்தான் இறங்கும். ஏன் இவ்வளவு மெதுவாக என்று பலர் கேட்டார்கள். மணலின் மேல்பரப்பில் வழுவழுப்பாக ஒரு படலம் வளர்கிறது, அதிலும் அதற்குக் கீழேயும் வாழும் நுண்ணுயிர்கள்தான் நோய்க்கிருமிகளைப் பிடித்துத் தின்கின்றன, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவுக்கு 8,000 பேருக்கு மேல் இறந்தபோது, அதே எல்பே ஆற்றில், நீரோட்டத்தில் இன்னும் கீழே தண்ணீர் எடுத்த பக்கத்து ஊர் அல்டோனா பெரும்பாலும் தப்பித்தது, அங்கே மணல் வடிகட்டி இருந்தது. சென்னை கீழ்ப்பாக்கத்திலும் 1914-இல் குடிநீர்ச் சுத்திகரிப்பை இதே முறையில்தான் தொடங்கினார்கள்.

படலம் உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னோம். பெரிய தொல்லை மின்வெட்டு. மோட்டார் நின்றால் தண்ணீர் நிற்கும், புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் இல்லாமல் உள்ளே இருக்கும் உயிர்கள் சாகத் தொடங்கும். அதனால் மேலே ஒரு தொட்டி வைத்து, மின்சாரம் இருக்கும்போது நிரப்பி, இரவு பகலாகத் தானாக இறங்க விட்டிருக்கிறோம். தயவுசெய்து யாரும் அந்த வால்வை மூடாதீர்கள். அந்தத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரும் போடக் கூடாது, கிருமியோடு நமக்கு உழைக்கும் உயிர்களும் செத்துவிடும். குளோரின் எல்லாம் வடிகட்டிக்குப் பிறகுதான்.

ஆர்.ஓ. (மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம்) வைத்திருக்கலாமே என்று சென்ற கூட்டத்தில் கேட்டவர்களுக்கு: உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் மூன்றையும் மணல் எடுக்காது, அவை அதிகமாக இருந்திருந்தால் நானே ஆர்.ஓ.வுக்குத்தான் கை தூக்கியிருப்பேன். நம் தண்ணீரில் அவை அளவுக்குள் இருப்பதைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே மணலுக்குப் போனோம். ஆர்.ஓ. என்றால் எடுக்கும் நிலத்தடி நீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியே விட வேண்டும், கோடையில் நம் போர்வெல் அதற்குத் தாங்காது. வருடா வருடம் மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், அதற்கான பணத்தை யாரும் குறைக்கச் சொல்ல வேண்டாம்.

நீர் இறங்குவது குறைந்தால் மேலே ஒன்றிரண்டு செ.மீ. மணலைச் சுரண்டி எடுக்கிறோம். அந்த வேலையை வெயிலில் நின்று செய்த இளைஞர்களுக்கும், சுரண்டிய மணலை அலசிக் காயவைத்த மகளிர் குழுவினருக்கும் என் மனமார்ந்த நன்றி. சுரண்டும் நாட்களில் விநியோகம் நின்றுவிடுவதால் பக்கத்திலேயே இரண்டாவது மணல் தொட்டி கட்ட வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். அடுத்த சுரண்டலுக்கு வர விரும்புகிறவர்கள் பம்ப் ஆப்பரேட்டரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.