கண்மாயையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

புதுக்கோட்டை வட்டாரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

தை பிறந்ததும் உங்கள் வேன்கள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஒரே பட்டியல்தான்: கொடும்பாளூர், குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருமயம். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் ஐந்தையும் முடிக்க வேண்டும். பிள்ளைகள் அந்த நாளில் பெரும்பகுதியை வேனுக்குள்ளேயே கழிக்கிறார்கள். மிஞ்சும் நேரம் செருப்பைக் கழற்றி மாட்டுவதில் போகிறது. ஐந்தில் மூன்றை வெட்டிவிட்டு, நார்த்தாமலை, சித்தன்னவாசல், இடையில் ஒரு கண்மாய் என்று திட்டமிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் நார்த்தாமலை. காலை ஏழு மணிக்கெல்லாம் அங்குள்ள மேலமலை என்ற குன்றில் ஏறத் தொடங்கிவிட வேண்டும். பத்து மணிக்குமேல் பாறை கொதிக்கும். கோயிலருகே செருப்பைக் கழற்றியதும் பிள்ளைகள் நிழலைத் தேடி ஓடுவார்கள், நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. ஆளுக்கு ஒரு ஜோடி பழைய காலுறை கொண்டுவரச் சொன்னால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், அவரவர் பையிலேயே இருக்கட்டும். இருபது லிட்டர் கேனை அந்தச் சரிவில் தூக்கிப்போக முடியாது. மலைமேல் கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. மழை பெய்த மறுநாள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பாறையில் நீர் வழிந்த கறுப்புத் தடங்களில் பாசி பிடித்திருக்கும், ரப்பர் செருப்பு அதில் நிற்காது.

ஏறும் வழியில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை வரும். அதன் நீருக்கடியில் குடைவரையும் (பாறையைக் குடைந்த கோயில்) லிங்கமும் இருக்கின்றன. நீரை இறைத்தால்தான் கண்ணில் படும். எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாற்பது பேரும் வழுக்கு விளிம்பில் முட்டிமோதுவார்கள்.

மேலே விஜயாலய சோழீச்சரம் என்ற சிவன் கோயில். மேற்கு பார்த்தது. பெயரில் சோழர் இருந்தாலும், கட்டியவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர். மழையில் இடிந்தபின் மல்லன் விதுமன் என்பவர் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. பிள்ளைகளை முதலில் கருவறைக்கு மேலுள்ள விமானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே சதுரமாகத் தொடங்கி உச்சியில் வட்டமாக முடியும். காவலர் கதவைத் திறந்துவிட்டால் உள்ளே கருவறையைச் சுற்றி நடக்கலாம். ஒரு கை பக்கம் சதுரச் சுவர், மறு கை பக்கம் வட்டச் சுவர். சுவரைத் தொடாமல் ஒரு சுற்று வந்தவர்களுக்குப் படம் வரைந்து விளக்க வேண்டிய அவசியமே இராது. எதிரே இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலி ஈச்சரம். பெரியதைச் சமணர் குடகு என்பார்கள், ஆனால் உள்ளே நிற்பவை ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு. ஏன் இந்தப் பெயர் என்று எந்தக் குழுவிலும் ஒரு பிள்ளையாவது கேட்கும். சமணர் இடமாக இருந்து பின்னர் வைணவக் கோயிலாகியிருக்கலாம் என்று சொல்லலாம்.

ஒன்பதரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். இறங்குமுன் பாறை விளிம்பில், வரிசையாக உட்காரவைத்து, கீழே பார்க்கச் சொல்லுங்கள். மொட்டைப் பாறையில் மழைநீர் ஊறாது, அப்படியே வழிந்தோடும். அந்த ஓட்டத்தை அடிவாரத்தில் ஒரு கரை மறித்தால் அது கண்மாய். அது நிரம்பிக் கலிங்கு என்ற மிகைநீர் வாய் வழியாக வெளியேறும் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். ஆறு பெரிதாக இல்லாத இந்த மண்ணில் நெல் விளைந்ததும், கல்லில் கோயில் செதுக்க ஆளுக்குச் சோறு கிடைத்ததும் இப்படித்தான். பாடப்புத்தகத்தில் ஏரிப்பாசனம் ஒரு பக்கம், குடைவரை வேறொரு பக்கம் இருக்கலாம். இந்த விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே பக்கம்தான்.

அடுத்து கண்மாய்க்கு அரை மணி நேரம். கார்த்திகை மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் தை, மாசி வரை நீர் நிற்கும். சாலையோரத்தில், உள்வாயில் (நீர் நிற்கும் பக்கம்) குமிழி என்ற பழைய மடை நிற்கும் கண்மாய் எது என்று உள்ளூரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து தள்ளி, நீருக்குள் இரண்டு கற்கால்கள் நட்டு, குறுக்கே விட்டம் போட்டிருக்கும். பிள்ளைகள் அதை இடிந்த கோயிலின் வாசல் என்பார்கள். அது மடை, நீரைத் திறந்துவிடும் அமைப்பு. அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் நீரோடித் துளை, கீழே பக்கவாட்டில் சேறோடித் துளைகள். குறுக்கு விட்டத்தின் துளை வழியாக இறங்கும் கம்பின் நுனியில் ஓர் அடைப்பு இருக்கும். ஆள் நீந்திப் போய்க் கம்பைத் தூக்கினால் நீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் உள்ள சுருங்கை என்ற கால்வாய் வழியே வயலுக்குப் போகும். மேலே நீர் கொப்பளிக்கும், அதனால்தான் குமிழி என்ற பெயர். தெளிந்த நீர் மேல்துளை வழியே இறங்க, அடியில் படியும் சேறு கீழ்த்துளைகள் வழியே கலங்கி வெளியேறும். தூர் வாரும் வேலையில் ஒரு பங்கை மடையே பார்த்துக்கொண்டது.

இதையெல்லாம் கரையில் நின்றபடி காட்டுங்கள். ஒருவரையும் தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள், முழங்கால் ஆழம்தானே என்று நினைக்கவே வேண்டாம். கோடையில் மண் அள்ளிய குழிகளை மழைக்காலத்தில் நீர் மூடிவிடும். மேலே தட்டையாகத் தெரியும் இடத்தில் ஓரடி தள்ளி ஆள் ஆழம் இருக்கலாம். குழியின் ஓரத்தில் களிமண் இருக்கும், கால் வைத்தால் பிடிமானம் கிடைக்காது. நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். இன்னொன்று சீமைக்கருவேல முள். மெல்லிய செருப்பைத் துளைத்து ஏறும், ஒடிந்த நுனி உள்ளேயே தங்கிச் சீழ் வைக்கும். முதலுதவிப் பெட்டியில் கூர்முனை இடுக்கி ஒன்று வையுங்கள்.

உச்சி வெயிலில் மலை வேண்டாம். புதுக்கோட்டை போய்ச் சாப்பிட்டுவிட்டு, திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் நேரத்தைச் செலவிடலாம். 1910இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, நாள் குறிக்கும்போது அதைக் கவனியுங்கள்.

சித்தன்னவாசல் நகரத்திலிருந்து 16 கிலோமீட்டர். ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் மலையின் மேற்குச் சரிவில் உள்ளது, அதனால் மூன்று மணிக்குமேல் உள்ளே வெளிச்சம் நன்றாக விழும். பூங்காவையும் படகையும் முதலில் காட்டிவிடாதீர்கள். அப்புறம் ஓவியமாவது ஒன்றாவது!

ஓவியமுள்ள அர்த்தமண்டபம், அதாவது கருவறைக்கு முன்னுள்ள கூடம், ஏறக்குறைய இருபத்திரண்டு அடி அகலம், ஏழரை அடி ஆழம். நாற்பது பேர் நுழைந்தால் தோளோடு தோள் உரசி, தூணில் சாய்வார்கள். தூண்களில்தான் ஆடல் மகளிர் இருக்கிறார்கள். முரட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் மென்பூச்சு, இரண்டும் சேர்ந்தே சுமார் மூன்று மில்லிமீட்டர்தான். அதன்மேல் வண்ணம். வியர்த்த தோள் ஒருமுறை உரசினாலும் கொஞ்சம் போய்விடும், போனது திரும்பாது. பத்துப் பேராக அனுப்புங்கள். பைகள் வெளியே. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் விதானம் (மேற்கூரை) வெறும் கறைபோலத் தெரியும், இரண்டு மூன்று நிமிடம் பேசாமல் அண்ணாந்து நிற்கச் சொல்லுங்கள். முதலில் தாமரை இலைகள் பிரியும், பிறகு மீன், யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள். சமணர் சொல்லும் சமவசரணத்தின், அதாவது தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சபையின், தாமரைக் குளம் அது. காலையில் கண்மாயைப் பார்த்த பிள்ளைகள் இலை எப்படி மடங்கும், மொட்டு எப்படி நிமிரும் என்பதைத் தாங்களே ஒப்பிடுவார்கள்.

கருவறையில் அதிர்வொலி கேட்க வேண்டுமென்றால் கத்தக் கூடாது. நடுவில் ஒருவர் நின்று, வாயை மூடி, அடிக்குரலில் ஹம் என்று இழுக்க வேண்டும். சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் ஓரிடத்தில் அறையே சேர்ந்து முனகும். எல்லோரும் சேர்ந்து ஓம் என்று கூவினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அதே மலையிலுள்ள ஏழடிப்பட்டம் என்ற சமண முனிவர் குகை சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். முகட்டைத் தாண்டிச் செங்குத்துச் சரிவோரம் நடக்க வேண்டும், குகைக்குள் போகும் பாதையில் கம்பியைப் பிடித்து ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடியும். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களை, முன்னும் பின்னும் ஓர் ஆசிரியரோடு, வேறொரு நாள் காலை நேரத்தில் அழைத்துப் போகலாம். தலையணை மேட்டோடு வழவழப்பாகத் தேய்த்த பதினேழு கற்படுக்கைகள், ஒன்றின்மேல் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து. எழுத்தைச் சுண்ணக்கட்டியால் பூசிக் காட்டாதீர்கள், படுக்கையில் படுத்துப் படம் எடுக்கவும் வேண்டாம்.

விட்டுப்போன மூன்று ஊர்களையும் வேறொரு நாளுக்கு வையுங்கள். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, பாட்டு கற்கும் பிள்ளைகள் இருந்தால் மட்டும் பயன்படும். கொடும்பாளூர் மூவர் கோயில் திருச்சி–மதுரை சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், மதுரைப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். அங்கே சிலப்பதிகாரத்தை நினைவுபடுத்துங்கள். மதுரைக்குப் போகும் வழி சூலம்போல மூன்றாகப் பிரிவது 'கொடும்பை நெடுங்குள'த்தில்தான். அங்கும் குளம்தான் அடையாளம்.

பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா. அந்த நாட்களில் வேன் நிறுத்த இடம் கிடைக்காது, காலை ஏழு மணிக் கணக்கெல்லாம் தப்பிவிடும். தை, மாசிக்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நார்த்தாமலை, அன்னவாசல் பக்கத்து ஊர்க்காரர்கள்