மாற்று ஓவியர் கேட்கும் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை: எல்லையோரக் காமிக்ஸ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரு பக்கமும் இருந்து காமிக்ஸ் படிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களான மார்வெலுக்கும் டிசிக்கும் அனுப்புவதற்காக நீங்கள் தயாரித்த மனு என் கைக்கும் வந்தது. சொன்ன தேதிக்குள் பக்கங்களை முடித்துத் தராத ஓவியரை உடனே மாற்றிவிட்டு, வேறொருவரை வைத்து இதழைக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் முதல் கோரிக்கை. இதில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. மனு எல்லார் கையிலும் சுற்றியதால், என் காரணத்தையும் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

பேச்சு எங்கே தொடங்கியது என்று நமக்கெல்லாம் தெரியும். 2025 செப்டம்பரில் டெட்பூலும் பேட்மேனும் மோதிய இதழை மார்வெல் வெளியிட்டது. வரைந்தவர் கிரெக் கபுல்லோ. நவம்பரில் டிசி தன் பங்குக்கு ஒன்றை வெளியிட்டது. அதை வரைந்தவர் டான் மோரா. இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு இரண்டு நிறுவனங்களும் கை கோத்ததில் எல்லாருக்குமே சந்தோஷம். அடுத்து யாரும் யாரும் சந்திக்க வேண்டும், யார் வரைய வேண்டும் என்று பேசிப் பேசி, கடைசியில் 'அந்த ஆளிடம் கொடுத்தால் பேரன் காலத்தில்தான் வரும்' என்ற இடத்துக்குப் பேச்சு வந்து நின்றது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த மனு. சிலர் ஓவியர்களுக்கே நேரடியாகக் கடுமையாக எழுதியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

மனுவின் இரண்டாவது பத்தியில் ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறீர்கள். டிசியின் ஜஸ்டிஸ் லீக் அணியும் மார்வெலின் அவெஞ்சர்ஸ் அணியும் சந்தித்த கதை வர இருபது வருடம் ஆனது, மெதுவான ஓவியரை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று. நண்பர்களே, இது உண்மைக்கு நேர் எதிரானது. 1979இல் இரண்டு நிறுவனங்களும் அந்தக் கதைக்கு ஒப்புக்கொண்டன. 1981இல் ஜார்ஜ் பெரேஸ் வரைய ஆரம்பித்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 21 பக்கங்கள் வரைந்துவிட்டார். அதற்குள் கதையைப் பற்றி இரண்டு அலுவலகங்களுக்கும் சண்டை. ஒரு பக்கம் சரி என்றதை மறுபக்கம் மறுத்தது. 1983இல் திட்டமே கைவிடப்பட்டது. வரைந்த பக்கங்கள் அப்படியே கிடந்தன.

அதே பெரேஸ்தான் 1985-86இல் கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் தொடரின் 12 இதழ்களையும் வரைந்தார். டிசியின் கதாபாத்திரங்கள் கூட்டம் கூட்டமாக வரும் கதை அது. கூட்டத்தை வரையவும் மாத இதழுக்கு ஈடுகொடுக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆகவே 1983இல் நின்றுபோனதற்கு அவர் கை காரணமில்லை. மறுபடி இரண்டு நிறுவனங்களும் மனம் மாறி, கர்ட் பியூசிக் எழுத, 2003 செப்டம்பரில் முதல் இதழ் வெளிவந்தபோது பெரேஸுக்கு வயது 49. நான்கு இதழ்கள். மூன்றாம் இதழின் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதுவரை இரண்டு அணிகளிலும் இருந்த எல்லாரையும் அதில் கொண்டுவந்திருக்கிறார். ஒருவருடைய முகத்தை இன்னொருவருடைய முகமாக நினைக்கவே முடியாது. இந்த மனிதரைத்தான் தாமதத்துக்கு உதாரணம் என்று எழுதியிருக்கிறோம்.

2021 டிசம்பரில் தனக்குக் கணையப் புற்றுநோய் என்று பெரேஸே வாசகர்களிடம் சொன்னார். அதன்பின் 2022இல் அந்தக் கதையை இரண்டு நிறுவனங்களும் ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அமைப்புக்காக மறுபடி அச்சிட்டன. வெறும் 7,000 பிரதிகள். நோயிலும் வறுமையிலும் இருக்கும் காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் அமைப்பு அது. அந்த வருடம் மே 6ஆம் தேதி பெரேஸ் இறந்தார். அப்படி ஒரு அமைப்பு இருக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று யோசித்தால் இந்த விஷயத்தின் மறுபாதி புரியும். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பக்கத்தில் இரண்டு பேர் நின்று பேசினாலும், முப்பது பேர் வானத்தில் பறந்து சண்டை போட்டாலும், ஒரு பக்கம் ஒரு பக்கம்தான். அப்படியானால் மெதுவாக வரைபவருக்கு மாதாமாதம் கையில் வருவது குறைவு. தாமதத்தால் முதலில் அடிபடுவது அவர் வயிறு.

இரண்டு நிறுவனங்களின் நாயகர்கள் ஒரே கதையில் சந்திக்கும் கிராஸ்ஓவர் என்றால் இது இரட்டிப்பு. கோபாலபுரத்தில் சைன்போர்டு எழுதும் அண்ணன் நம் கூட்டத்துக்கு வருவாரே, அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஒருவரை வரைவது வேலை, பத்துப் பேரை ஒரே கட்டத்தில் நிறுத்துவது கணக்கு என்றார். யார் உயரம், யார் பின்னால், யாருடைய கை யாருடைய முகத்தை மறைக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது. இதற்கு மேல் இரண்டு கம்பெனிகளின் கண்கள். எங்கள் ஆள் சின்னதாகத் தெரிகிறார், உங்கள் ஆள் அதிகமாக அடிக்கிறார் என்று. 1976இல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் சந்தித்த இதழை ராஸ் ஆண்ட்ரு வரைந்தார். அவர் வரைந்த சூப்பர்மேன் உருவங்கள் சிலவற்றை நீல் ஆடம்ஸும், ஸ்பைடர்மேன் பக்கத்து முகங்கள் சிலவற்றை ஜான் ரொமிட்டாவும் திருத்தினார்கள். இப்படி இரண்டு வாசல் தாண்டி வர வேண்டிய வேலையைச் சாதாரண மாத இதழோடு ஒப்பிடுவது நியாயமா?

நமக்கு ஏன் இந்த அவசரம் என்று யோசித்துப் பார்த்தேன். நாம் படித்து வளர்ந்த விதம்தான் காரணம் என்று தோன்றுகிறது. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கி இரும்புக்கை மாயாவி தமிழுக்கு வந்தபோது, அந்தக் கதை இங்கிலாந்தில் வெளியாகி பத்து வருடம் ஆகியிருந்தது. 1962இலேயே ஹெசுஸ் பிளாஸ்கோ வரையத் தொடங்கிவிட்டார். 1984இல் ராணி காமிக்ஸ் வந்து, மாதம் இருமுறை கடையில் தொங்கியது. அதில் நாம் படித்த ஜேம்ஸ் பாண்டும் முகமூடி வீரரும் எப்போதோ செய்தித்தாள்களில் வந்து முடிந்த பக்கங்கள். நம் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே வரைந்து முடித்தவை. இதழ் தாமதமானால் காகிதம், பணம், மொழிபெயர்ப்பு என்று காரணம் இருக்கும். ஓவியர் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார் என்ற காரணத்தை நாம் கேட்டதே கிடையாது. காமிக்ஸ் என்றால் தேதிக்கு வந்துவிடும் என்ற எண்ணம் அப்படித்தான் நமக்குள் ஊறியது.

ஆனால் நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் ரத்தப் படலத்தை, அதாவது XIII என்ற ஐரோப்பியத் தொடரைப் பாருங்கள். 1984 முதல் 2007 வரை வந்தவை 19 ஆல்பங்கள், அதாவது தனித்தனிப் புத்தகங்கள். ஒன்றை ஜான் ஜிரோ வரைந்தார், மற்ற 18ம் வில்லியம் வான்ஸின் கை. வருடத்துக்கு ஒன்றுகூட முழுதாக வரவில்லை. ஐரோப்பாவில் ஒரு ஆல்பத்துக்கு ஒரு வருடம் காத்திருப்பது வாசகருக்குப் பழக்கம். அதனால் வான்ஸை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. நாமும் சொன்னதில்லை, குண்டு புத்தகமாகக் கையில் வாங்கி ஒரே மூச்சில் படித்தோம். அமெரிக்க ஓவியரோ மாதத்துக்கு இருபது பக்கத்துக்கு மேல் முடிக்க வேண்டும். வேலை நாளைக் கணக்குப் போட்டால் நாளுக்கு ஒரு பக்கம். அந்த வேகத்தில் சிலரால் நன்றாக வரைய முடியும். டான் மோரா 2023இல் இரண்டு தொடர்களை ஒரே காலத்தில் வரைந்தவர். அவருக்கு என் மரியாதை. அவரால் முடிகிறது என்பதால் மெதுவாக வரையும் பிரையன் போலண்டும் முடிக்க வேண்டும் என்று கேட்பதுதான் தவறு. போலண்ட் கேமலாட் 3000இன் 12 இதழ்களை முடிக்க 1982இலிருந்து 1985 வரை ஆனது. 1988இல் வந்த கில்லிங் ஜோக் என்ற பேட்மேன் கதைக்குப் பிறகு பெரும்பாலும் அட்டைப்படங்களோடு நின்றுகொண்டார். அந்தக் கோடு மறுபடி கதைப் பக்கங்களில் எவ்வளவு கிடைத்தாலும் எனக்குப் போதாது.

நம் பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். தமிழில் பிறந்த கம்பராமாயணம் மலையாள நாட்டுக் காளிக்கு முன்னால் நடக்கிறது. ராமனும் ராவணனும் போர் செய்தபோது காளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாள், அதனால் பார்க்க முடியவில்லை, அவளுக்காகத்தான் இந்தக் கூத்து என்பார்கள். இரண்டு கதைகள் சந்திக்கும் இடம் நமக்குப் புதிதே இல்லை. ஒரு கோயிலில் 7 இரவு, இன்னொன்றில் 14, வேறொன்றில் 21 என்று நடக்கும். பாவையின் கிரீடத்திலும் ஆடையிலும் விளக்கொளி தெரிய வேண்டுமென்றால் தோலில் ஒவ்வொரு துளையும் உளியால் தட்டி எடுத்ததாக இருக்க வேண்டும். நம் மனு கேட்பது, ராவணன் பாவை முடியவில்லை என்பதால் பாதியில் வேறு உளிக்காரரைக் கூப்பிட்டு அவர் கைப்படி தட்டச் சொல்வதைத்தான்.

அப்படிச் செய்து பார்த்ததும் உண்டு. 2008இல் டிசியின் ஃபைனல் கிரைசிஸ் வந்தது. ஜே. ஜி. ஜோன்ஸ் தொடங்கினார். பிறகு கார்லோஸ் பச்சேகோ துணைக்கு வந்தார். கடைசி இதழை டக் மான்கி முடித்தார். மூவரும் பெரிய ஓவியர்கள்தான். ஆனாலும் தொகுப்பாகப் படிக்கும்போது முகங்கள் மாறுவது கண்ணில் படுகிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2006இல், மார்வெலின் சிவில் வாரில் இதே சிக்கல். ஸ்டீவ் மெக்னிவனுக்கு நேரம் போதவில்லை. அதோடு இணைந்த மற்ற தொடர்களையும் தள்ளிவைக்க வேண்டி வந்தது. அந்த வருடம் வாசகர்கள் கொதித்தார்கள். மார்வெல் ஓவியரை மாற்றவில்லை, தேதியை மாற்றியது. இன்று சிவில் வாரைப் புதிதாகப் படிக்கும் தம்பிமார்களில் எத்தனை பேருக்கு அது தாமதமாக வந்தது தெரியும்? அவர்கள் கையில் இருப்பது முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே கையில் உருவான புத்தகம்.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிசியின் டூம்ஸ்டே கிளாக் தொடர் மாத இதழ் என்று அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் தொடங்கியது. 12 இதழ் முடிய 2019 டிசம்பர் ஆகிவிட்டது. மற்ற டிசி இதழ்களுக்கு ஒரு வருடம் முன்னால் நடக்கும் கதையாக அதை வைத்திருந்தார்கள். கதை வந்து சேர்வதற்குள் மற்ற இதழ்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன. மாதாமாதம் பணத்தை எடுத்து வைத்துக் காத்திருந்தவருக்கு எரிச்சல் வராதா? முன்பதிவுக்குப் பணம் கட்டியவருக்கும், திருப்பிக் கொடுக்க முடியாத கணக்கில் பிரதிகளை எடுக்கும் அங்குள்ள கடைக்காரருக்கும் இது உண்மையான நஷ்டம். ஆனால் அதை வரைந்த கேரி ஃபிராங்க் எவ்வளவு நுணுக்கமாக வரைவார் என்று டிசிக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தெரிந்தும் மாத இதழ் என்று அறிவித்தவர்கள் யார், மற்ற இதழ்களின் கதையை அதோடு கட்டிப்போட்டவர்கள் யார்? நம் கேள்வி அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

அதனால் மனுவைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, மாற்றி எழுதலாம் என்கிறேன். கிராஸ்ஓவர் எதுவானாலும் முக்கால்வாசிப் பக்கங்களாவது வரைந்து முடியும்வரை வெளியீட்டுத் தேதியை அறிவிக்க வேண்டாம் என்று கேட்போம். வேகம் கட்டாயம் தேவை என்றால் ஆரம்பத்திலேயே இரண்டு ஓவியர்களாகப் பிரித்துக் கொடுக்கட்டும். 1996இல் வாசகர் ஓட்டுப்போட்டு வெற்றியைத் தீர்மானித்த மார்வெல்-டிசி மோதலை டான் ஜர்கென்ஸும் கிளாடியோ காஸ்டெல்லினியும் அப்படித்தான் பகிர்ந்து வரைந்தார்கள். நடுவில் ஆளை மாற்றுவதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கூட்டமான பக்கங்களுக்குக் கூலி கூட்டிக் கொடுக்கச் சொல்வோம். பெரேஸைப் பற்றிய அந்த இரண்டாவது பத்தியை மட்டும் எப்படியாவது எடுத்துவிடுங்கள். இறந்த மனிதரின் பெயரில் இல்லாத பழி போகக் கூடாது.

ஓவியர்களுக்கு நேரடியாகத் திட்டி எழுதிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எழுதினால் எந்தப் பக்கம் பிடித்தது, எந்தக் கட்டம் பிடித்தது என்று எழுதுங்கள். தேதியைப் பற்றிய கேள்வியை எடிட்டரிடம் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு பொள்ளாச்சியில் கூடும்போது நான் சொன்னபடி திருத்தி எழுதிய வரைவைக் கொண்டுவருகிறேன். மீனாட்சிபுரத்து அண்ணனுக்கு ஒப்புதல் இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து வரிவரியாகப் பேசுவோம். வேலந்தாவளத்துத் தம்பி ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். சித்தூரிலிருந்து வரும் சேட்டன் மலையாளத்தில் ஒரு பிரதி போட்டுத் தந்தால் பாலக்காட்டு நண்பர்களிடமும் கையெழுத்து வாங்கலாம். அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்கள் நண்பன்