ராட்டினம் வேண்டாம், சேகர்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து தீபாவளியும் போய்விட்டது, திட்டாதே. வீட்டில் எல்லாரும் சுகம். மாரி இன்னும் அதே கோப்பிக்கடையில் அந்தப் பன்றிக் கதையைப் புதுசுபோல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சங்கம் ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்துக்கு ராட்டினப் பம்பு வாங்கித் தரப்போகிறது, பிள்ளைகள் சுற்றி விளையாடினாலே தொட்டியில் தண்ணீர் ஏறிவிடும் என்று எழுதியிருந்தாய். படம் அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் நீ மாலையோடு நின்றால் டத்தோ பட்டத்துக்கும் உதவும். ஆனால் வேண்டாம் சேகர்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த சாமான் அது. 2006இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 16.4 மில்லியன் டாலர் தருவதாக அறிவித்தன. 2010க்குள் 4,000 பம்பு போடுவதாகப் பேச்சு. ஒன்றுக்குச் சுமார் 14,000 டாலர். அந்தக் காசில் சாதாரணக் கைப்பம்பு மூன்று நாலு போடலாம். பிள்ளைகள் கொஞ்ச நாள் ஆசையாகச் சுற்றுவார்கள், அப்புறம்? மொசாம்பிக்கில் கடைசியில் பெண்கள்தான் குனிந்து அந்த வளையத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சொன்ன அளவு தண்ணீர் கிடைக்க நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று லண்டன் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டது. நம் தோட்டத்துக் கிராணிகூட இவ்வளவு வேலை வாங்கியதில்லையடா!

உன் பாட்டி ஊரில் நாம் போட்டி போட்டு அடித்தோமே, அந்த இரும்பு அடிபம்பு, இந்தியா மார்க் 2. மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் இருந்த பம்பை வைத்து 1970களில் யூனிசெஃப் துணையோடு உருவாக்கியது, மெட்ராஸிலேயே செய்தார்கள். அதிலும் ஒரு தொல்லை. கீழே வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும், அதற்கு வெளியிலிருந்து ஆளும் வண்டியும் வர வேண்டும். அடுத்து வந்த மார்க் 3இல் குழாயை அகலமாக்கினார்கள். கம்பியைப் பிடித்து பிஸ்டனை மட்டும் உருவி, வாஷரை மாற்றி, திரும்ப இறக்கிவிடலாம். பழுது பார்ப்பது ஊர்க்காரன் கைக்கு வந்துவிட்டது. எனக்கு இந்த வேலைதான் பெரிசாகத் தெரிகிறது, ராட்டினம் இல்லை. நம் மலாயாப் பல்கலைக்கழகமே 1980களில் கனடா உதவியோடு பிவிசி பிளாஸ்டிக்கில் கைப்பம்பு செய்தது. நீ அப்போது அங்கேதான் படித்தாய், கேன்டீனில்.

நான் ஏன் இவ்வளவு குதிக்கிறேன் என்றால், மேலே மலைக் கம்பத்தில், அதுதான் அந்தச் சின்னக் கிராமத்தில், இருக்கும் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களுக்கு நானும் ராஜுவும் ஒரு ராம் பம்பு செய்து கொடுத்தோம். கரண்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஓடைத் தண்ணீர் இரும்புக் குழாயில் வேகமாக இறங்கும், வால்வு பட்டென்று மூடும், அந்த அடியின் வேகத்தில் கொஞ்சம் தண்ணீர் இன்னொரு வால்வைத் தள்ளிக்கொண்டு காற்றுச் சிலிண்டருக்குள் புகுந்து மேட்டுக்கு ஏறும். வெப்பக் காற்று பலூன் விட்ட பிரெஞ்சுக்காரர் மான்கோல்ஃபியே 1796இல் கண்டுபிடித்தது. 2 மீட்டர் இறக்கத்தை வைத்து 20 மீட்டர் ஏற்றினால் நூறு லிட்டரில் ஐந்தாறு லிட்டர்தான் மேலே போகும், மிச்சம் ஓடைக்கே. போகட்டும், ராத்திரி பகலாக டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறதே! சிலிண்டரில் இருக்கும் காற்றைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், அது போனால் குழாய் உதறும். ராஜு ஒரு பழைய சைக்கிள் டியூபில் லேசாகக் காற்றடித்து, இரண்டு முனையும் கட்டி உள்ளே திணித்துவிட்டான். வால்வு ரப்பர் லாரி டயரில் வெட்டியது. இப்போது கம்பத்துப் பையன் ஒருவனே கழற்றிப் பூட்டுகிறான். எனக்கு ஒரு ஃபோன்கூட வருவதில்லை, கோபமாகத்தான் இருக்கிறது.

அதே கம்பத்தில் முன்பு யாரோ வைத்துவிட்டுப் போன சோலார் பம்பும் நிற்கிறது. கண்ட்ரோல் பெட்டி கருகியதோடு சரி, ஈப்போவில்கூட ஸ்பேர் கிடைக்கவில்லை. கொடுத்தவர் பெயர் போட்ட பலகை மட்டும் பளபளக்கிறது. சோலாரைக் குறை சொல்லவில்லை. ஸ்பேரும் ஆளும் கிடைக்கிற இடத்தில் அதுவே நல்லது. உன் பெயரும் அப்படி ஒரு பலகையில் தொங்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து கேள்: அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில், வாஷர் எந்தக் கடையில், பழுதானால் யார் காசு? அந்த ஊர்ப் பெண்களை யாராவது கேட்டார்களா? தலைவர் முறைத்தால் பழியை என் மேல் போடு.

ஈப்போ பக்கம் வந்தால் இங்கே தலையைக் காட்டாமல் போகாதே. கம்பத்துக்குக் கூட்டிப்போகிறேன். நீள காலுறை போட்டு வா, அட்டைப்பூச்சி அதிகம்.

அன்புடன்,
மணியம்