அந்த நூறு நிமிடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுத்திரைப் பக்கத்தில் ‘டொக்டர் ஹூ’ என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடரில், உலோகக் கூட்டுக்குள் திரியும் டாலெக் என்ற எதிரிகள் வரும் பழைய கதை வர்ணத்தில் வந்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1963-இல் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஒரு விஞ்ஞானக் கதைக்கு ஒரு தமிழ்ச் சஞ்சிகை முழுப் பக்கம் ஒதுக்குகிறதே என்று சந்தோசப்பட்டுத்தான் வாசிக்கத் தொடங்கினேன். கடைசிப் பந்தியில் உங்கள் கட்டுரையாளர் ஒரு வசனம் எழுதியிருக்கிறார்: பழைய இழுவையெல்லாம் போய்விட்டதாம், இனி அந்த ஏழு பகுதிகளையும் யாரும் தேடி அலையத் தேவையில்லையாம்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிடம் மட்டில். மொத்தம் மூன்று மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. 2023 நவம்பர் 23 அன்று, தொடரின் அறுபதாவது ஆண்டு நிறைவுக்குப் பிபிசி வர்ணத்தில் காட்டியதும் பிறகு இறுவட்டாக வந்ததும் 75 நிமிடம். மிச்சம் நூறு நிமிடமும் இழுவை என்றால் எழுதிய டெரி நேஷனுக்குச் சம்பளம் கொடுத்ததே பிழை.

முதற்பகுதி முடியும் இடத்தை உங்கள் கட்டுரையாளர் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். பார்பரா என்ற ஆசிரியை டாலெக்குகளின் உலோக நகரத்துக்குள் தனியே அகப்பட்டுவிடுகிறாள். அவள் கடந்துபோகும் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. கடைசியில் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். எதிரே வருவது என்னவென்று எங்களுக்குக் காட்டுவதில்லை. அதன் நுனி மட்டும் தெரிகிறது, குசினித் தொட்டியில் அடைப்பெடுக்கும் றப்பர் மாதிரி ஒன்று. அவள் கத்துகிறாள், பகுதி முடிந்துவிடுகிறது. 1963 டிசம்பர் 21 சனிக்கிழமை அதைப் பார்த்த பிள்ளைகள் முழு டாலெக்கைக் காண 28ஆம் திகதி வரை காத்திருந்தார்கள். நடுவில் நத்தார் வேறு. அந்த ஒரு கிழமையையும் சேர்த்துத்தான் எழுத்தாளர் கதையைக் கட்டினார். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்கினால் அவளுடைய கத்தல் வெறும் கத்தல்தான்.

ஆறாவது பகுதியில் குகைக்குள் கயிறு கட்டிப் பள்ளம் தாண்டும் காட்சி நீளந்தான், அதை நானே சொல்லுவேன். ஒவ்வொருவராகத் தாண்டுகிறார்கள். பயந்த ஒருவன், அன்ரோடஸ், பின்வாங்கிக்கொண்டே இருக்கிறான். பிறகு அவனே விழுந்து, கயிற்றின் மறுமுனையில் இருக்கும், பார்பராவோடு வந்த ஆசிரியர் இயனையும் பள்ளத்துக்குள் இழுக்கிறான். அடுத்த பகுதியின் தொடக்கத்தில் கயிற்றைத் தானே அறுத்து இயனைக் காப்பாற்றிவிட்டு விழுந்து சாகிறான். அவ்வளவு நேரம் அவன் பயந்ததைப் பார்த்திராவிட்டால் அந்த வெட்டுக்கு என்ன பெறுமதி? இதை இழுவை என்பவர் கிறிக்கெற்றிலும் விக்கெட் விழும் பந்துகளை மட்டும் பார்க்கிறவராக இருக்கவேண்டும்.

இந்தத் தொடரில் நிமிடங்களை வெட்டி எறிவது புதுக்கதையும் அல்ல. அறுபதுகளில் ஒளிப்பதிவு நாடா நல்ல விலை, அழித்து அழித்துத் திரும்பப் பாவிப்பார்கள். நடிகர், இசைக்கலைஞர் சங்கங்களோடு செய்த உடன்படிக்கைகளால் நினைத்தபடி மறுஒளிபரப்புச் செய்யவும் முடியாது. வர்ணம் வந்த பிறகு கறுப்பு வெள்ளையை யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வேறு. வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த 16 மில்லிமீற்றர் பிலிம் பிரதிகளையும் உரிமைக்காலம் முடிய எறிந்தார்கள். 1978 மட்டில்தான் இந்த அழிப்பு நின்றது. முதல் ஆறு வருடத்தில் வந்த பகுதிகள் 253. 2013-இல் கணக்கெடுத்தபோது அவற்றில் 97 இல்லை.

இருப்பவற்றில் சில எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். தொடரின் இன்னொரு எதிரிக் கூட்டமான சைபர்மன்களின் கல்லறைக் கதை, 1967-இல் வந்தது, நாலு பகுதி. லண்டனில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாலும் ஹொங்கொங்கில் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து திரும்பி வந்து 1992-இல் வீடியோ கசெட்டாக வெளியாகின. 2013-இல் வெளிவந்த ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் ஜொஸ் நகரத்தில் கிடைத்தவை. எஜமான் வீட்டில் குப்பைக்குப் போனதைக் குடியேற்ற நாட்டுக்காரர் இறாக்கையில் வைத்திருந்தார்கள். நாங்கள் எதையும் பேணத் தெரியாதவர்கள் என்று இந்த நாட்டில் என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தித்தான் எழுதுகிறேன்.

படம் போன பகுதிகளுக்கும் சத்தம் மிஞ்சியிருக்கிறது, ஒன்று தவறாமல். அந்தக் காலப் பொடியன்கள் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ரேப் றெக்கோடரை வைத்துப் பதிந்ததால் வந்த புண்ணியம். இலங்கை வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு, படத்தைக் காணாமலே முழுக் கதையும் வசனமும் பாடமாக்கியவர்கள் நாங்கள். அந்தச் சத்தத்தின் அருமை எங்களுக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

நான் இந்த நாட்டுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பகலில் நித்திரை வராத நேரத்தில், அறையில் இருந்தவர்கள் சேர்ந்து வாங்கிய வீடியோப் பெட்டியில் வாடகைக் கசெட் பார்ப்போம். என் ஆங்கிலத்தில் பாதி, தொடரில் டொக்டராக நடித்த டொம் பேக்கர் தந்தது. அப்போது ‘மோர்பியஸின் மூளை’ என்ற கதை கசெட்டில் வந்திருந்தது. நாலு பகுதிக் கதையை ஒரு மணித்தியாலத்துக்குள் அடைத்திருந்தார்கள். யார் எதற்காக ஓடுகிறார்கள் என்பது விளங்கவில்லை. என் ஆங்கிலம் போதாது என்று நினைத்து வெட்கப்பட்டு, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பல வருடம் கழித்து முழுக் கதையும் விற்பனைக்கு வந்தபோதுதான் குறை என் காதில் இல்லை, கத்தரியில் என்று தெரிந்தது. அதற்கும் காசு கொடுத்தேன். பிறகு டிவிடிக்கும் கொடுத்தேன். இப்போது புளூரேப் பெட்டிகள், 2018-இலிருந்து பருவம் பருவமாக வருகின்றன. அவற்றில் சில வந்த வேகத்தில் முடிந்துபோய், பழைய பொருள் விற்கிறவர்களிடம் இரண்டு மடங்கு விலைக்கு நிற்கின்றன. என் வீட்டுக்காரி அலுமாரியைக் காட்டி ஒரு கேள்வி கேட்பாள், அதை இங்கே எழுதவில்லை.

எங்கள் படங்களுக்கு நடந்தது மட்டும் என்ன? நாட்டைவிட்டு வந்த சனம் பழைய தமிழ்ப் படம் என்று டிவிடி வாங்கினால் பாட்டில் பாதி இருக்காது. கதாநாயகி அழும் நேரத்தில் அவளின் கன்னத்துக்கு மேலால் கொம்பனியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் ஓடும். கடைக்காரரிடம் கேட்டால், தம்பி, படம் ஓடுதுதானே என்பார். முப்பது வருடம் இதைச் சகித்துச் சகித்து, முழுசாகக் கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம் என்று பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் உங்கள் பக்கத்திலும் ஏறியிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வர்ணத்துக்கு நான் எதிரியல்ல. 1971-இல் வர்ணத்தில் எடுத்த ‘த டீமன்ஸ்’ கதையின் பெரும்பகுதி பிபிசியிடம் கறுப்பு வெள்ளைப் பிலிமாகத்தான் எஞ்சியிருந்தது. அமெரிக்காவில் யாரோ வீட்டில் தொலைக்காட்சியிலிருந்து பதிந்த நாடாவின் நிறத்தை எடுத்து, அந்தப் பிலிமின் தெளிவோடு பொருத்திச் சேர்த்தார்கள். 1993-இல் அது கசெட்டாக வந்தது. வேறு சில கதைகளில் கறுப்பு வெள்ளைப் பிலிமிலேயே பதிந்துகிடந்த நுண்ணிய புள்ளிகளிலிருந்து பழைய நிறத்தை மீட்டிருக்கிறார்கள். அது காணாமற்போனதைத் திருப்பிக் கொடுத்த வேலை, அவர்களுக்கு ஒரு கும்பிடு. முன்பு இல்லாத நிறத்தைப் பூசுவதையும் நான் பொறுப்பேன். பூசிய கையோடு நூறு நிமிடத்தை எடுத்துவிட்டு அதற்குப் பெயர் மெருகேற்றல் என்றால் பொறுக்கமாட்டேன். 1969-இன் பத்துப் பகுதிக் கதையான ‘த வோர் கேம்ஸ்’ 2024 டிசம்பரில் 90 நிமிடமானது. நாலு மணித்தியாலம் ஓடிய கதை! அதையும் உங்கள் பக்கம் பாராட்டும், நான் வாசிப்பேன்.

உங்கள் பக்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. போன வருடம் டாலெக் என்று போட்ட படம் டாலெக் அல்ல, வேறு ஏதோ ஒரு இயந்திர மனிதன். அதைச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை. அதற்கு முன், வானொலி நாடகங்களைப் பற்றிய என் கடிதத்தை இடநெருக்கடி என்று நாலு வரியாக்கினீர்கள். அந்த இதழில் நகைக்கடை விளம்பரத்துக்கு இடநெருக்கடி இருந்ததாகத் தெரியவில்லை. பெரியவர்கள், உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நான் குறை சொல்ல வரவில்லை.

மூலக்கதை அழிந்துவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். 2006-இல் வந்த ‘த பிகினிங்’ டிவிடிப் பெட்டியில் ஏழு பகுதியும் கறுப்பு வெள்ளையில் முழுசாக இருக்கின்றன. தேடி அலையத் தேவையில்லை என்று எழுதிய நேரத்தில், எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கும் ஒரு தகப்பன் உங்கள் பக்கத்தை நம்பித்தானே கடைக்குப் போவான்?

என் வேண்டுகோள் பெரிதல்ல. வீட்டுத்திரைப் பக்கத்தில் ஒவ்வொரு வெளியீட்டின் பெயருக்குக் கீழும் இரண்டு எண் போடுங்கள்: முதலில் ஒளிபரப்பானபோது எத்தனை நிமிடம், இப்போது விற்பது எத்தனை நிமிடம். விலைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டாலும் போதும். அடுத்த இதழில் டாலெக் கதைக்கு 175, 75 என்று ஒரு திருத்தம் வந்தால் நன்றி சொல்லுவேன்.

வருட சந்தாவுக்கான காசோலை இத்துடன் இருக்கிறது. உறையில் ஒட்டும் விலாசத்தில் என் முதலெழுத்து இன்னும் பிழையாகவே வருகிறது, அதையும் ஒருக்கால் கவனிக்கவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஹரோ, லண்டன்.