சலானில் இருக்கிற ஆங்கிலத்தை முதலில் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் அண்மையில் வங்கிச் சொற்கள் வந்திருந்தன. ஓவர்டிராஃப்ட், மார்ட்கேஜ், கொலேட்டரல் என்று எல்லாம் பெரிய இடத்துச் சொற்கள். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலோ மூணாறு தோட்ட லயங்களிலோ இருக்கும் தமிழ் வாசகர் நாளைக் காலை வங்கிக்குப் போனால் அவற்றில் ஒன்றுகூட உதவாது.

இங்கே சலானில் மலையாளம், இந்தி, ஆங்கிலம் மூன்றுதான் இருக்கும். வாடிக்கையாளர் படிவங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாநில மொழியிலும் இருக்க வேண்டும் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் விதி. கேரளத் தமிழர் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தரும் உரிமை மாநில அரசு அலுவலகங்களோடு நின்றுவிடுகிறது. மலையாளம் சரளமாகப் பேசினாலும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராதவர்கள் நம்மில் நிறைய. கவுண்ட்டரில் இருப்பவரோ பல நேரம் வட இந்தியாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஆகவே ஆங்கில வரிதான் வழி.

பணம் கட்டும் சலான் பே-இன் ஸ்லிப். எடுக்கும் சலான் வித்டிராயல் ஃபார்ம். முதலாவதில் டினாமினேஷன் என்ற கட்டத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எந்த நோட்டு எத்தனை என்று கேட்கிறது அது. 18,700 ரூபாய் கட்டுகிறவர் 500 நோட்டு 32, 200 நோட்டு 10, 100 நோட்டு 7 என்று எழுதி, எதிரே 16,000, 2,000, 700 என்று பெருக்கிப் போட வேண்டும். கூட்டுத்தொகையும் மேலே எழுத்தால் எழுதியதும் ஒத்துப்போகாவிட்டால் காசாளர் திருப்பிக் கொடுப்பார். முத்திரை வைத்துத் திருப்பித் தரும் துண்டுக்கு கவுண்ட்டர்ஃபாயில் என்று பெயர். பாஸ்புக்கில் வரவு ஏறும்வரை அதுதான் சாட்சி. பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டினால் பான் எண் கேட்பார்கள். இல்லாதவர் அதற்கு மாற்றான படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பலாம்.

வித்டிராயல் ஃபார்மை செக் மாதிரி இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிற தவறு. 'திஸ் இஸ் நாட் எ செக்' என்று பல வங்கிகள் அதிலேயே அச்சடித்திருக்கின்றன. கணக்குக்காரரே பாஸ்புக்கோடு வர வேண்டும்.

செக்கைப் பற்றி உங்கள் பகுதியில் ஒரு வாரம் முழுக்க எழுதலாம். எழுதிக் கொடுப்பவர் டிராயர், அவருடைய வங்கி டிராயீ, பணம் பெறுபவர் பேயீ. இந்த மூன்றும் பிடிபட்டால் திரும்பி வரும் செக்கோடு இணைத்திருக்கும் துண்டுச் சீட்டு புரிந்துவிடும். 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்றால் கணக்கில் பணம் போதவில்லை. 'டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்' என்றால் எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து வங்கியில் உள்ளதோடு பொருந்தவில்லை. இந்தச் சீட்டைப் புரியாமல் பெட்டியில் போட்டு வைப்பது ஆபத்து. பணம் இல்லாமல் திரும்பிய செக்குக்கு, தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பினால்தான் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும்.

செக்கில் எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது சட்டம். நடைமுறையில் வங்கி அதைத் திருப்பிவிடும். நாற்பதுக்கு ஆங்கிலத்தில் எழுதும் ஃபார்ட்டியில் 'யு' கிடையாது, நான்குக்கு உண்டு. பிள்ளைகளுக்கு இதை எழுதிக் காட்டுங்கள். தொகையின் முடிவில் 'ஒன்லி' போட்டுக் கோடிழுத்தால் யாரும் பின்னால் ஒட்ட முடியாது. பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்திய செக் 2010 டிசம்பர் 1 முதல் செல்லாது, புதுத் தாள்தான். போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் கடந்தாலும் செல்லாது.

எல்லைப்புறத்துக்கென்றே ஒரு தொல்லை, பெயர். தமிழ்நாட்டுச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் வரும், கேரளத்து அட்டையில் பின்னால் வரும், பான் அட்டையிலோ அது அப்பாவின் பெயராக விரிந்து, குடும்பப் பெயருக்கான சர்நேம் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று கணினிக்குத் தெரியாது. 'நேம் மிஸ்மேட்ச்' என்று கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, நின்றுவிடும். அப்போது சொல்ல வேண்டிய வாக்கியம்: 'மை இனிஷியல் ஸ்டாண்ட்ஸ் ஃபார் மை ஃபாதர்ஸ் நேம். வி டோன்ட் ஹேவ் எ சர்நேம்.' அடுத்து, 'விச் டாக்குமென்ட் ஷுட் ஐ கரெக்ட்?' என்று கேட்டுவிட வேண்டும். கேட்காமல் வந்தால் ஆதாரைத் திருத்துவதா பானைத் திருத்துவதா என்று தெரியாமல் இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டியிருக்கும்.

எஸ்எம்எஸ் ஆங்கிலம் தனி ரகம். டெபிட்டட் என்றால் போனது, கிரெடிட்டட் என்றால் வந்தது என்று சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. சில வங்கிகளின் யுபிஐ செய்தியில் இரண்டு சொல்லும் ஒரே வரியில் வரும்: நம் கணக்கு டெபிட்டட், கடைக்காரர் கிரெடிட்டட். கண்ணில் கிரெடிட்டட் பட்டதும் பணம் வந்துவிட்டதாக நினைப்பவர் உண்டு. நம் கணக்கின் கடைசி எண்களை ஒட்டி எந்தச் சொல் நிற்கிறதோ அதையே பார்க்க வேண்டும். பாஸ்புக்கில் இவையே டிஆர், சிஆர் என்று சுருங்கி நிற்கும்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், பதற்றத்தில் 'மனி நாட் கம்' என்பதற்குமேல் வார்த்தை எழாது. 'த கேஷ் டிட் நாட் கம் அவுட், பட் மை அக்கவுண்ட் வாஸ் டெபிட்டட்' என்று முழுதாகச் சொல்லப் பழக்குங்கள். தேதி, நேரம், தொகை, சீட்டில் உள்ள ஏடிஎம் எண் நான்கும் கையில் இருக்கட்டும். இயந்திரம் மாநில எல்லையான வாளையாறுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் இந்தப் பக்கம் இருந்தாலும், எந்த வங்கியுடையதானாலும், அட்டை கொடுத்த வங்கியிடம்தான் முறையிட வேண்டும். பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் பணம் திரும்பாவிட்டால், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

எண்களைச் சொல்வதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றாகவே கேட்கும். 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஸீரோ' என்று பிரித்துச் சொல்வது நல்லது. வங்கிக் கிளையைக் குறிக்கும் குறியீடான ஐஎஃப்எஸ்சியின் 11 எழுத்துகளில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், 'ஓ' எழுத்து அல்ல.

நகைக்கடனுக்கு நான்கு சொல் போதும். மீட்பதற்கு ரிலீஸ், வட்டி கட்டி மாற்றி வைப்பதற்கு ரினியூவல். கல், அரக்குக் கழிவு போக மிஞ்சும் எடைக்கு நெட் வெயிட் என்று பெயர். மொத்த எடையான க்ராஸ் வெயிட்டும் நெட் வெயிட்டும் ரசீதில் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று கிளையை விட்டு இறங்குமுன் பார்க்க வேண்டும்.

புகார் எழுதுவதற்கு ஒரு மாதிரிக் கடிதமும் வெளியிட்டால் நன்றாக இருக்கும். 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு ரிவர்ஸ் த அமவுண்ட்' என்ற வரி அதில் கட்டாயம் வேண்டும். நகலில் 'ரிசீவ்ட்' என்று முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகும்போது முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.
(பெயர்களை வெளியிட வேண்டாம்)