செவ்வாய் ராத்திரி சைட் மாறுது, அதுக்கு முன்னாடி உங்க தமிழ் தலைப்ப ஒரு தடவ பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். உங்க கடை வெப்சைட்ட எல்லாம் பாத்துக்கற நாங்க தண்டையார்பேட்டை ஆபீஸ்லேர்ந்து எழுதறோம். இந்த மே மாசம் கடைசி செவ்வாய்க்கிழமை ராத்திரி 10 மணிக்கு உங்க எல்லார் சைட்டையும் ஓப்பன்சிஎம்எஸ் (சைட்டுல பக்கம், மெனு எல்லாம் ஏத்தற சாஃப்ட்வேர்) புது வெர்ஷனுக்கு மாத்தறோம், புதன் காலைல 6 மணிக்குள்ள முடிச்சிடுவோம். அந்த நேரத்துல சைட்ட பாக்கறவங்க பாக்கலாம், ஆனா நீங்க லாகின் பண்ணி எதையும் ஏத்தாதீங்க, ஏத்தினா அது பழைய சர்வர்லயே நின்னுடும். தனியா காசு கிடையாது, வருஷ மெயின்டனன்ஸ்லயே அடக்கம்.

ஞாயித்துக்கிழமை வச்சிருக்கலாமேன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. ஞாயிறு காசிமேடு மீன் மார்க்கெட் எப்படி இருக்கும்னு தெரியும், எம்.சி. ரோட்டு துணிக்கடைங்கள்லயும் அன்னிக்கு தான் கூட்டம். ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், படகெல்லாம் கரையில நிக்குது, மீன் ரேட்டு தினம் விடியக்காலைல ஏத்தறவங்களுக்கு இப்ப தான் கொஞ்சம் ஓய்வு, துணிக்கடைக்காரங்களுக்கு ஆடி வந்துட்டா பேசவே நேரம் இருக்காது, அதனால தான் இந்த வாரம்.

ஓடிக்கிட்டு இருக்கறத ஏன் தொடணும்னா, சைட் உக்காந்திருக்கற டாம்கேட்ங்கற சர்வர் சாஃப்ட்வேரோட 7-ஆம் வெர்ஷனுக்கு 2021 மார்ச்சோட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, இனிமே பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சாலும் யாரும் அடைச்சு தரமாட்டாங்க. 2021 டிசம்பர்ல லாக்4ஜேல (சர்வர்ல நடக்கறத குறிச்சு வைக்கற சாஃப்ட்வேர்) பாதுகாப்பு ஓட்டைன்னு பிரச்சனை வந்தப்ப நிறைய பேர் பயந்து போன் பண்ணீங்க, நம்ம கிட்ட இருந்தது அதோட பழைய 1.2 வெர்ஷன், அந்த ஓட்டை 2-ல தான், அதனால தப்பிச்சோம். ஆனா அந்த 1.2-க்கே 2015-ல சப்போர்ட் நின்னுபோச்சு, பழசா இருந்ததால தப்பிச்சதுங்கறத நம்பி இனியும் இருக்க முடியாது.

டாம்கேட் 9-க்கு தான் போறோம், 10-க்கு இல்ல. ஆரக்கிள் கம்பெனி ஜாவா இஇ-ய (டாம்கேட் மாதிரி சர்வருக்கு அடிப்படையான ஜாவா தொகுப்பு) எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் கிட்ட கொடுத்தப்ப கடைய கொடுத்தாங்க, போர்டு பேர முழுசா கொடுக்கல, அதனால புரோகிராமுக்குள்ள ஜாவாக்ஸ்னு இருந்த பேரெல்லாம் ஜகார்த்தான்னு மாறிடுச்சு, 10-லேர்ந்து டாம்கேட் அந்த புது பேர தான் கேக்கும். உங்க ஆர்டர் ஃபார்ம் எல்லாம் பழைய பேர்ல எழுதினது. அத தனியா, நிதானமா செய்யணும்னு நினைக்கறோம்.

இப்ப முக்கியமான விஷயம். போன மாசம் ஒரு கடையோட சைட்ட காப்பி எடுத்து புது வெர்ஷன்ல ஏத்தி பாத்தோம். பக்கத்துக்குள்ள இருந்த தமிழ் அழகா வந்துச்சு, ஆனா தலைப்பும் மெனு பேரும் மட்டும் குப்பையா வந்துச்சு, ஒரு தமிழ் எழுத்து இருந்த இடத்துல மூணு மூணா கிறுக்கல். ரெண்டு ராத்திரி உக்காந்தோம். யூடிஎஃப்-8ங்கற எழுத்து முறைல தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் (க ஒண்ணு, கி-யோட கொக்கி ஒண்ணு) 3 பைட், பழைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் டேபிள் லத்தீன்-1-னு, அதாவது ஒரு எழுத்துக்கு ஒரு பைட்டுங்கற முறைல, இருந்ததால அந்த 3 பைட்டையும் 3 தனி எழுத்தா வச்சிருந்திருக்கு. சைட்டையும் டேட்டாபேஸையும் இணைக்கற பழைய டிரைவர் சாஃப்ட்வேர் போட்டதையே திருப்பி கொடுத்ததால யாருக்கும் தெரியல. பக்கத்தோட உள்ளடக்கம் பைனரியா, அதாவது எழுத்தா மாத்தாம அப்படியே, இருக்கறதால அது தப்பிச்சது, தலைப்பு டெக்ஸ்ட்டா வைக்கற கட்டத்துல இருக்கறதால மாட்டிக்கிச்சு. இப்ப லத்தீன்-1-ஆவே டம்ப் (முழு நகல்) எடுத்து யூடிஎஃப்8எம்பி4-ஆ (மைஎஸ்கியூஎல்ல முழு யூடிஎஃப்-8-க்கு பேரு) திரும்ப ஏத்தறோம், சரியா வருது. மெனுல கடை பேரு தமிழ்ல தப்பா வந்தா அது சின்ன தப்பு இல்ல, அப்பா காலத்துலேர்ந்து இருக்கற பேரு அது, எங்களுக்கும் அந்த அக்கறை இருக்கு.

அதனால உங்க சைட்டோட டெஸ்ட் காப்பி லிங்க் ஒவ்வொருத்தர் வாட்ஸ்ஆப்புக்கும் தனித்தனியா அனுப்பியிருக்கோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள திறந்து மெனு, தலைப்பு, போட்டோவுக்கு கீழ எழுதின பேரு இத மட்டும் பாருங்க, வீட்ல பசங்க கிட்ட கொடுத்தாலும் சரி. எங்க கண்ணுக்கு எழுத்து சரியா இருந்தா போதும்னு தோணிடும், சரக்கு பேரு தப்பா இருந்தா உங்களுக்கு தான் தெரியும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிடுங்க.

இன்னொண்ணு, லாகின் பண்ணா சிவப்பு கலர்ல ஃபைல் பேரு தெரிஞ்சா அது மாத்திட்டு பப்ளிஷ் பண்ணாம விட்டது. வேணும்னா செவ்வாய் சாயங்காலத்துக்குள்ள பப்ளிஷ் பண்ணிடுங்க, வேணாம்னா சொல்லுங்க, நாங்க பழையபடி திருப்பி வச்சிடறோம்.

பழைய சர்வர ஒரு மாசம் அப்படியே வச்சிருப்போம், புதன்கிழமை ஏதாவது சரியில்லன்னா அரை மணி நேரத்துல பழசுக்கே திருப்பிடுவோம். அன்னிக்கு ராத்திரி நாங்க நாலு பேரும் ஆபீஸ்ல தான் இருப்போம், எத்தனை மணிக்கு வேணா கூப்பிடுங்க.